புறாவுக்குக் கட்டின டிஸ்க்

கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தோமா இல்லையா என்ற சந்தேகம் கோமளாவுக்கு மார்க்கெட்டைத் தாண்டும்போதே வந்துவிட்டது. வந்த சந்தேகம் லேசில் போகிற ஜாதி இல்லை. உளுந்தை வழித்தெடுத்தது ஞாபகம் இருக்கிறது, அரிசியைப் போட்டது ஞாபகம் இருக்கிறது, கையைக் கழுவி முந்தானையில் துடைத்தது ஞாபகம் இருக்கிறது, சுவிட்சின் மேல் விரல் பட்டதா என்றால் அது விரலுக்கே தெரியவில்லை. சாலிகிராமத்தில் நாலைந்து தெருவுக்கு இட்லி மாவு அவள் வீட்டிலிருந்துதான் போகிறது. அப்படிப்பட்டவள் அரைக்கிற நேரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு வந்து, செல்போன் கவரும் சார்ஜர் ஒயரும் தோரணமாகத் தொங்குகிற ஒரு கடையில் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று யாராவது மாவு வாங்குகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் கல் சுற்றிக்கொண்டே இருக்குமே, அரிசி நைந்து கூழாகிச் சூடேறிப் போகுமே, மோட்டார் கருகினால் நாளைக்கு யார் வந்து பார்ப்பார்கள் என்று அவள் மனசு வீட்டுக்கும் கடைக்குமாக ஓடிக்கொண்டிருந்தது, கால் மட்டும் இங்கே நின்றது. வெளியே போர்டில் ‘லோகு வீடியோஸ்’ என்றுதான் இன்னும் இருக்கிறது. உள்ளே வீடியோ என்று சொல்லிக்கொள்ளப் பின்சுவரில் ஒரு அலமாரி டிவிடியும் மூலையில் உயரத்தில் மாட்டிய பழைய டிவியும்தான் மிச்சம். டிவியில் சத்தம் இல்லாமல் யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள். கடைக்காரர் லோகு மாடிக்குப் போயிருந்தார். போனவர் வருகிற வழியைக் காணோம்.

வந்ததும் அவள் கேட்ட கேள்வி அப்படி. “அந்தத் துறைமுகப் படம் இருக்குதாண்ணே? ரெண்டு டிஸ்க்கா வந்துச்சே, அது.”

“இருக்கும்மா. தோ, மொத டிஸ்க். படம் முழுசா இதுலதான் இருக்கு.”

“படம் வேணாம். ரெண்டாவதுதான் வேணும்.”

லோகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “இன்னாம்மா, இட்லி வேணாம், இட்லித் துணிய மட்டும் குடுன்னு கேக்கற மாதிரி இருக்கு.”

அவர் சொன்னதில் தப்பில்லை. வாடகைக்குப் படம் விட்ட காலத்தில் ரெண்டு டிஸ்க் வந்தால் முதல் டிஸ்க்கை மட்டும் எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுப்பதுதான் அவர் வழக்கம். ரெண்டாவதையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிப் போனவர்கள் அதைத் தெரியாமல் போட்டுவிட்டு, ‘படமே வரலய்யா, எவனோ நாற்காலில உக்காந்து பேசிட்டே இருக்கான்’ என்று சண்டைக்கு வருவார்களாம். அதனால் படம் எடுத்த விதம், வெட்டிப்போட்ட காட்சிகள், பேட்டிகள் எல்லாம் அடங்கிய ரெண்டாவது டிஸ்க்குகளை ஒரு அட்டைப்பெட்டியில் கொட்டி வைத்திருந்தார். பெட்டி நிறைந்தது. புறா வந்தது. மாடியில் அவர் சம்சாரம் மல்லிகா துவைத்துப் போட்ட துணியில் எல்லாம் புறா எச்சம் போட, அந்தம்மா பெட்டியை எடுத்து, டிஸ்க்குக்கு நடுவில் இருக்கிற ஓட்டையில் கயிறு கோத்து, பால்கனியிலும் சமையலறை ஜன்னலிலும் வரிசையாகக் கட்டிவிட்டாள். பளபளவென்று ஆடினால் புறா அண்டாது. “பாக்கறேம்மா. அதுல எங்கனா தொங்கிட்டு இருக்கும். இல்லன்னா இல்ல” என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார். தொங்கிக்கொண்டிருக்கும் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கோமளாவுக்கு அது வேறு மாதிரி கேட்டது. அந்த டிஸ்க்கில் இருக்கிற அவள் புருஷன் எத்திராஜ் தொங்குகிறான், வெயிலில், கயிற்றில், புறாவுக்காக. வாழ்நாள் முழுக்க அவன் கயிற்றில் தொங்கித்தானே சோறு போட்டான் என்று உடனே இன்னொரு நினைப்பு வந்து, அதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் ஒரு செல்போன் கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்து மறுபடி மாட்டினாள்.

கடையில் இன்னொருவனும் இருந்தான். மூக்குக்கண்ணாடி, தோளில் லேப்டாப் பை, சின்ன வயசு. நிரஞ்சன் என்று லோகு கூப்பிட்டார். போன் கண்ணாடி மாற்ற வந்தவன் அலமாரியைக் கண்டதும் அங்கேயே தரையில் குந்திவிட்டான். டிவிடி சேர்க்கிற பைத்தியமாம். “ஆன்ட்டி, நீங்க கேட்டது கரெக்ட். படத்தை எங்க வேணா பாக்கலாம், போன்லயே இருக்கு. போனஸ் இல்லாத டிவிடி எதுக்கு? நான் வாங்கறதே அதுக்குத்தான்” என்றான். படி மேலிருந்து லோகுவின் குரல் கேட்டது. “ஏன் தம்பி, கல்யாணத்துக்குப் போனா பந்தில உக்காந்து சாப்பிடுவியா, சமையல்கட்டுல போய் எவன் வெங்காயம் உரிச்சான்னு பாப்பியா?” அவன் விடவில்லை. “வெங்காயம் உரிச்சவரைப் பாக்கணும்னு தோணாதா சார்?” என்றான். மேலே மல்லிகா எதற்கோ சத்தம் போடுவது கேட்டது. போனஸ். கோமளாவுக்குத் தெரிந்த போனஸ் தீபாவளிக்கு வருவது, அதுவும் கம்பெனி வேலைக்காரர்களுக்கு. எத்திராஜ் மாதிரி சினிமா ஃபைட்டருக்கு ஏது போனஸ். விழுந்தால் கட்டு, விழாவிட்டால் பேட்டா. இந்தப் பையன் எதற்காக இவ்வளவு ஆசைப்படுகிறான், அவனுக்கும் அதே ரெண்டாவது டிஸ்க் வேண்டுமோ, லோகு இறங்கி வந்ததும் எனக்குத்தான் என்று பிடுங்கிக்கொள்வானோ. அவன் விரல் நீளமாக இருக்கிறது, சட்டென்று எடுத்துவிடுகிற விரல். அவள் கவுன்ட்டரை ஒட்டி ஒரு அடி முன்னே நகர்ந்து நின்றாள். இருந்த இடத்திலிருந்து அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான், பாவம், கள்ளமில்லாத சிரிப்பு. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

எத்திராஜ் டூப். பெரிய ஹீரோ மாடியிலிருந்து குதிப்பதாகப் படத்தில் வந்தால் குதிப்பது எத்திராஜ். ஹீரோ போட்ட அதே சட்டை, அதே பேன்ட், அதே முடி மாதிரி விக். குதிப்பதற்கு முன்னால் ஹீரோ முகம், குதித்து எழுந்த பிறகு ஹீரோ முகம், நடுவில் ஆகாயத்தில் இருப்பது மட்டும் கோமளாவின் புருஷன். அந்தத் தொழிலில் பயம் விழுவதில் இல்லை, முகம் தெரிந்துவிடுவதில்தான். முகம் தெரிந்தால் ஷாட் போச்சு, இன்னொரு தரம் குதிக்க வேண்டும். ஸ்டன்ட் மாஸ்டர் கீழே நின்று கத்துவாராம், மூஞ்சி, மூஞ்சி, மூஞ்சியத் திருப்பு என்று. ஒரு தரம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருகிற ஷாட்டில் கட்டை தாடையில் பட்டு எத்திராஜ் மாசக்கணக்கில் கஞ்சிதான் குடித்தான். ஸ்ட்ரா போட்டுக் கஞ்சி குடிக்கிறவனை அவள் கேலி செய்ய, அவன் வாயைப் பொத்திக்கொண்டு முறைக்க, அதெல்லாம் ஒரு காலம். அவ்வளவு உயரத்திலிருந்து குதித்தவனை மஞ்சக்காமாலை வந்து படுக்கையில் போட்டுக் கொண்டுபோனது. மகள் யாமினிக்கு அப்போது நடை கூட வரவில்லை. அவனைப் படம் பிடிக்க வீட்டில் யாரிடம் கேமரா இருந்தது. வடபழனி கோயிலில் தாலி கட்டினபோது எடுத்த போட்டோ ஒன்று, யூனியன் கார்டில் ஒட்டியது ஒன்று, ரெண்டிலும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி விறைப்பாக இருக்கிறான். அவள் தங்கச்சி கல்யாண வீடியோவில் இருப்பான் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். பந்தியில் ஒரு பின்மண்டை, மாப்பிள்ளை அழைப்பில் ஒரு தோள். கேமராக்காரன் சரியில்லை என்று அன்றைக்கு அந்தக் கேமராக்காரனைத் திட்டினாள்.

யாமினிக்கு விவரம் தெரிந்த பிறகு கோமளா அவளை எத்திராஜ் டூப் போட்ட பழைய படங்கள் ஓடுகிற தியேட்டருக்குக் கூட்டிப் போவாள். சண்டை வந்தால் காதில் சொல்லுவாள். இப்ப பாரு, பாரு, இப்ப அப்பா. இப்ப இல்ல. வலது தோள் கொஞ்சம் இறங்கி இருக்கு பாரு, அது அப்பா. இப்ப இல்ல. குழந்தை மடியில் நின்றுகொண்டு கத்தும், இப்ப அப்பா, இப்ப இல்ல, இப்ப அப்பா. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஹீரோ முகம் வந்ததும் குழந்தை உதட்டைப் பிதுக்கும், முதுகு வந்ததும் குதிக்கும், உலகத்தில் எந்தக் குழந்தை ஹீரோ முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கும். அந்த விளையாட்டைத் தான் கண்டுபிடித்ததாகக் கோமளாவுக்கு உள்ளூர ஒரு பெருமை. இல்லாத தகப்பனைக் குழந்தைக்கு எப்படியோ துண்டு துண்டாகக் காட்டிவிட்டோமே என்று. அந்தப் பெருமையைத்தான் போன வாரம் பெண் பார்க்க வந்தவர்கள் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. மாப்பிள்ளையின் அத்தை, வெற்றிலைப் பாக்கு வாய், நல்ல மனுஷி, ‘பொண்ணு சிரிச்சா ஒரு பக்கமா சிரிக்குது, அழகா இருக்குது, அப்பா ஜாடையா’ என்று கேட்டாள். பொதுவாகக் கேட்கிற கேள்வி. யாமினி காபித் தட்டை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். “தெரியாதுங்க. நான் அவரைப் பாத்ததே இல்ல.” சொன்னதில் வருத்தம் கூட இல்லை, தண்ணி லாரி வந்துச்சா என்றால் தெரியாது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அத்தை கோமளாவைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை.

கோமளாவால் சொல்ல முடியவில்லை. ஜாடையா என்று பார்க்க அவள் கண்ணை மூடி எத்திராஜைக் கூப்பிட்டாள். வந்தான். முதுகு வந்தது, இறங்கின வலது தோள் வந்தது, குளித்துவிட்டு வருகிற ஈரக் கால் வந்தது, ஏங்க என்று கூப்பிட்டதும் திரும்பினான், திரும்பினால் அங்கே இருந்தது அந்த ஹீரோவின் முகம். சிரித்த முகம், மேக்கப் போட்ட முகம், ஊரெல்லாம் சுவரில் ஒட்டின முகம். அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். அதற்குப் பிறகு இந்த ஒரு வாரமாக மாவு கரைக்கும்போது, பாக்கெட் கட்டும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். ஒவ்வொரு தரமும் தோள் வரைக்கும் எத்திராஜ், கழுத்துக்கு மேல் அந்த ஆள். அத்தனை தரம் அந்தப் படங்களைப் பார்த்ததில் சினிமாக்காரர்கள் ஒட்டின ஒட்டு அவள் மண்டைக்குள்ளும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இது யாரிடம் சொல்லக்கூடிய விஷயம். செத்துப்போன புருஷன் மூஞ்சி மறந்துவிட்டது என்று சொன்னால் எவள் சும்மா இருப்பாள், ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கிட்டா இல்ல என்பார்கள். போட்டோவைப் பார்த்தால் போட்டோதான் ஞாபகம் வருகிறது. அது எத்திராஜின் முகம் இல்லை, அவன் போட்டோ எடுத்துக்கொண்ட முகம். அவளுக்கு வேண்டியது அசைகிற முகம், அரை நிமிஷம் போதும், மகளுக்குப் பாதி, தனக்குப் பாதி. கிரைண்டர். கிரைண்டரை நிறுத்தினோமா.

ரெண்டாவது டிஸ்க் என்று ஒன்று இருப்பதைச் சொன்னதே குணசீலன்தான். ஜெனரேட்டர் வேன் ஓட்டுகிறவர், எத்திராஜோடு பத்துப் படத்துக்கு மேல் ஒரே செட்டில் இருந்தவர், எத்திராஜ் போய் நாலு வருஷம் கழித்து, யூனியன் ஆட்களை வைத்து முறையாகக் கேட்டு அவளைக் கட்டிக்கொண்டவர். யாமினி அப்பா என்று கூப்பிடுவது அவரைத்தான். பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கும் அவர் திண்டாடித்தான் உட்கார்ந்திருந்தார். நேற்று சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னார். “துறைமுகப் படத்துக்கு மேக்கிங் எடுத்தாங்க. ஒரு பையன் சின்ன கேமராவ வெச்சிக்கிட்டு அண்ணன் பின்னாடியே சுத்திட்டு இருந்தான். டிவிடில போட்டிருக்காங்கன்னு அப்பவே சொன்னாங்க. அன்னிக்கு நீகூட செட்டுக்குக் கொழந்தையோட வந்திருந்தியே.” இத்தனை வருஷமா ஏன் சொல்லல என்று கேட்டாள். நீ கேக்கலியே என்றார். அது பதிலா. சொல்ல மனசு வரவில்லையா, மறந்துபோனதா, இல்லை இதுவரை அவள் தன்னோடு முழுசாக இருக்கிறாள் என்று நம்பி இருந்தாரா, நேற்றுத்தான் அந்த நம்பிக்கை போயிற்றா. அந்தப் படத்தைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று அவர் ஓரக்கண்ணால் பார்ப்பாரோ. பார்த்தால் பார்க்கட்டும், அவருக்கு இல்லாத உரிமையா. செட்டுக்கு அன்றைக்குப் போனது அவளுக்குக் கலங்கலாகத்தான் ஞாபகம். மீன் நாற்றம், சிவப்பு வண்ண இரும்புப் பெட்டிகள், உப்புக் காத்து, குழந்தைக்கு வேர்க்குரு. அவன் மூஞ்சி மட்டும் அதிலும் இல்லை. போன் அடித்தது. குணசீலன்.

“எங்க கீற?”

“கடைலதான். தேடிட்டு இருக்காரு. ஏங்க, கிரைண்டர்…”

“வீட்டுக்கு வந்தேன். ஓடிட்டு இருந்துச்சு, நிறுத்திட்டேன். மாவு கொஞ்சம் சூடாயிடுச்சு, அடைக்கு ஆவும்.” “கெடைச்சா சொல்லு” என்றார். வைத்துவிட்டார். இந்த மனுஷன் வாசலில் செருப்பை விட்டுக் கிரைண்டர் சத்தம் கேட்டு ஓடியிருப்பார் என்று கோமளா நினைத்துக்கொண்டாள். ஒரு கவலை போனால் மனசு சும்மா இருக்குமா, உடனே அடுத்ததைப் பிடித்துக்கொண்டது. கிடைக்காவிட்டால் அவருக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருக்குமோ. கிடைக்காவிட்டால் எனக்கு. அந்த நினைப்பை அவள் முடிக்கவில்லை.

லோகு இறங்கி வந்தார், ரெண்டு கையிலும் கயிறு கயிறாக டிஸ்க்குகளோடு, பின்னால் மல்லிகாவின் குரலோடு. “புறா வந்தா நீதான்யா விரட்டணும்!” கவுன்ட்டரில் கொட்டினார். எச்சமும் தூசியும் ஒட்டடையுமாக ஒரு குவியல். வெயில் பட்டதெல்லாம் வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தது. நிரஞ்சன் எழுந்து வந்து சேர்ந்துகொண்டான். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெயர் படித்தான், ஐயோ இது கிடைக்கவே கிடைக்காதே என்று ஒவ்வொன்றுக்கும் புலம்பினான். “நங்கூரம் படம் போட்டிருக்கும்” என்றார் லோகு. கோமளா தேடவில்லை. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். சமையலறை ஜன்னல் கயிற்றில், வெயில் படாத பக்கத்தில், அது இருந்தது. பாதி நங்கூரம் எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்திருந்தது. நிரஞ்சன்தான் எடுத்தான், நீள விரல்தான், எடுத்தவன் நேராக அவளிடம் நீட்டினான். “என்கிட்ட இந்தப் படத்தோட பெட்டி இருக்கு ஆன்ட்டி, ரெண்டாவது டிஸ்க் இடம் காலியா இருக்கு. நீங்க எடுத்துக்கோங்க, எனக்கு ஒரு காப்பி போதும்” என்றான். லோகு அதை வாங்கிக் குழாயில் காட்டிக் கழுவி, தன் சட்டை நுனியில் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தார். “ஓடினா உன் அதிர்ஷ்டம். ஓட்டிப் பாத்துடலாம்” என்று டிவிக்குக் கீழே இருந்த பிளேயரில் தள்ளினார். இங்கேயா, இவர்கள் முன்னாலா, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வீட்டில் பிளேயர் எங்கே இருக்கிறது. சமையல் நிகழ்ச்சி போய்த் திரை நீலமாயிற்று.

டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். கேமராமேன் பேசினார். ஹீரோ கறுப்புக் கண்ணாடியோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசினார், அந்தச் சண்டைக்காக உயிரைக் கொடுத்தாராம். அந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்று கோமளா சார்ஜர் ஒயர்களைப் பார்த்தாள். லோகு ஓட்டினார், நிறுத்தினார், ஓட்டினார். திடீரென்று சிவப்பு இரும்புப் பெட்டிகள் வந்தன, அடுக்கடுக்காக, மூன்று ஆள் உயரத்துக்கு. அதன் உச்சியில் நீலச் சட்டை. வலது தோள் இறங்கியிருந்தது. “இது அவரு” என்று அவள் வாய் தானாகச் சொன்னது. “யாரும்மா?” என்றார் லோகு. “யாமினி அப்பா. டூப்பு போட்டவரு. என் வீட்டுக்காரரு.” நீலச் சட்டை ஓடி வந்து குதித்தது. கீழே அட்டைப்பெட்டிகள் நொறுங்கின. கைதட்டல். சின்னக் கேமரா ஓடியது, அதைப் பிடித்திருந்த பையன் மூச்சு வாங்குவது கேட்டது, பெட்டிகளுக்கு நடுவே முதுகு அசைந்தது, எழுந்தது, ஒரு கை விக்கைப் பிடித்தது. அங்கே படம் நின்றது. கட்டம் கட்டமாக உடைந்து, நீலமும் சிவப்புமாகச் சிதறி, நின்றே போயிற்று. இதற்குத்தானா. இவ்வளவு வருஷம் ஜன்னலில் கிடந்து, கடுகு வெடித்த எண்ணெயை எல்லாம் குடித்து, சரியாக இங்கே வந்து நிற்கவா. லோகு அவசரமாக எடுத்து வாயால் ஊதி மறுபடி துடைத்தார். அவர் துடைக்கிற நேரத்தில் கோமளா தனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டாள், கூடவே ஓடாமல் போகட்டும் என்றும் ஒரு குரல் உள்ளே சொல்லியது. அந்த விக்கைக் கழற்றித் திரும்பினால் அங்கே யார் முகம் இருக்கும். அந்த ஆள் முகமாகவே இருந்துவிட்டால்.

ஓடியது. கை விக்கைக் கழற்றியது. கட்டையாக வெட்டின முடி, வேர்த்த கழுத்து. கேமரா சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. அது வந்த அதே வேகத்தில் எத்திராஜ் மறுபக்கம் திரும்பினான். கேமரா அந்தப் பக்கம் போனது, அவன் தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினான். “அண்ணே, இது மேக்கிங்ணே, மூஞ்சி காட்டலாம்ணே” என்று பையன் கெஞ்சினான். துண்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது, அதற்குப் பின்னால் அந்தக் குரல். “பழக்க தோஷம் தம்பி. கேமராவப் பாத்தா தானா திரும்பிக்குது. வுடு, வூட்டு ஆளுங்க வந்திருக்காங்க.” அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு மெல்லிசான குரல். அதை அவள் மறந்தே போயிருந்தாள், மறந்தது கூடத் தெரியாமல் மறந்திருந்தாள். தங்கச்சி கல்யாணத்துக் கேமராக்காரன் மேல் தப்பில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முட்டாள் மனுஷன், ஒரு தரம் காட்டியிருந்தால் என்ன, யார் ஷாட் கெட்டுப்போகப் போகிறது என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அவன் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோனான். பையன் சோர்ந்துபோனவனாக அப்படியே பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும், படம் ஆடவில்லை. தூரத்தில், பெட்டி நிழலில், மஞ்சள் புடவையில் ஒல்லியாக ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அது தான்தான் என்று கோமளாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

எத்திராஜ் அவர்கள் எதிரில் போய் நின்றான். கையிலிருந்த விக்கைத் தலையில் வைத்தான். பின்னாலிருந்து பார்க்க ஹீரோ. இடுப்பிலிருந்த குழந்தை உதட்டைப் பிதுக்கியது. விக்கை எடுத்தான். குழந்தை சிரித்தது. வைத்தான், பிதுக்கியது. எடுத்தான், சிரித்தது. வைத்தான், எடுத்தான். இப்ப இல்ல, இப்ப அப்பா. கோமளா கவுன்ட்டரை இறுகப் பிடித்துக்கொண்டாள். தியேட்டரில் மடியில் நின்று கத்தின குழந்தைக்கு அந்த விளையாட்டை அவள் சொல்லித்தரவில்லை, அது அவன் விளையாட்டு, குழந்தைக்கு முன்பே தெரிந்த விளையாட்டு. குழந்தை ஒவ்வொரு தரம் சிரித்தபோதும் அதன் வாய் இடது பக்கம் மட்டும் ஏறியது. அவள் டிவிக்குக் கிட்டே போனாள். வாய் இடது பக்கம் ஏறுகிறது. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, தாடையில் கட்டை பட்டு, கஞ்சி குடித்து எழுந்த பிறகு எத்திராஜுக்கு வாய் வலது பக்கம் இழுக்காமல் போயிற்று. அன்றிலிருந்து அவன் சிரித்தால் ஒரு பக்கம்தான் ஏறும். அடி பட்டு வந்த சிரிப்பு ரத்தத்தில் வராது. எதிரே நின்று, கண்ணுக்குக் கண் பார்த்து, அவன் செய்கிற மாதிரியே செய்து செய்துதான் அது ஒரு குழந்தைக்கு வரும். அந்தக் கணம் அவன் முகம் வந்தது. டிவியில் இல்லை. விக்கை எடுத்துவிட்டு, வேர்வையோடு, பாதி வாயால், அசட்டுச் சிரிப்பு சிரிக்கிற எத்திராஜின் முகம், அவனுடையதே, அவள் மண்டைக்குள் தானாக வந்து நின்றது. அவள் அழுதாள். லோகு ஸ்டூலை எடுத்துப் போட்டார். நிரஞ்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. குணசீலன் சொல்லியிருப்பார். யாமினி, ஸ்கேன் சென்டரில் வேலைக்கு நடுவே, தாழ்ந்த குரலில்.

“அம்மா, கெடைச்சுதா? அப்பா சொன்னாரு. அவரு மூஞ்சி தெரியுதாம்மா?”

“தெரியல. திரும்பிக்கினாரு.”

“சரி, பரவால்லம்மா” என்றாள், காபித் தட்டை வைத்துவிட்டுச் சொன்ன அதே நிதானத்தில்.

“இருடி, வெக்காத. நீ இருக்க அதுல. என் இடுப்புல இருக்க. அவரு உன் எதிர்ல நிக்கறாரு, நீ அவரையே பாத்துட்டு இருக்க. நான் பாத்ததே இல்லன்னு அந்தம்மா கிட்ட சொன்னியே. அவ்ளோ நேரம் பாக்கற.”

“நானா?”

“நீதான்.”

“என்னம்மா பண்றேன்?”

“சிரிக்கற” என்றாள் கோமளா. “அவரு சிரிக்கற மாதிரி, ஒரு பக்கமா.”